பதினோரு இருமல் எண்ணெய்

ஃபெர்ஜானியின் தொண்டையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அந்தத் தொண்டை யாருக்குச் சொந்தம் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுவதுதான் முறை. தெபுர்சுக் ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் அவர். வயது ஐம்பத்தாறு. ஒல்லி. வாசல் குழிக்குள் இருக்கும் மீட்டரைத் தலைகீழாகக் குனிந்து பார்ப்பார், எண்ணைக் குறித்துக்கொள்வார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மீட்டர் பார்ப்பவன் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வருஷத்தில் பத்து மாதம் அவர் தலை தெரிந்தால் எங்கள் தெருவில் கதவைச் சாத்துவார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் அதே கதவுகள் திறக்கும், பாதாம் மிதக்கும் தேநீர் வரும், உட்கார நாற்காலி வரும், நாற்காலிக்கு ஒரு மெத்தையும் வரும்.

காரணம் எண்ணெய். ஒரு வீடு வருஷத்துக்கு ஒரு முறைதான் ஆலிவ் எண்ணெய் வாங்கும். கேன் கேனாக வாங்கி, இருட்டறையில் வைத்துப் பூட்டி, அடுத்த அறுவடை வரை அதையேதான் தின்ன வேண்டும். காலையில் ரொட்டிக்கு, மதியம் கஸ்கஸ் ரவைக்கு, வலித்தால் காதுக்கு. நவம்பரில் தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த நவம்பர் வரை அந்தத் தப்பு ஒவ்வொரு வேளையும் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணத்தில்கூட இவ்வளவு ஆபத்து கிடையாது. அங்கே கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம்.

ஆகவே எங்கள் தெருவின் பதினான்கு வீடுகளும் இருபத்திரண்டு வருஷமாக ஃபெர்ஜானியை முன்னால் விட்டுவிட்டு, கேன்களோடு பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அவர் எண்ணெய் பார்ப்பதைப் பார்த்திருக்கிறவர்கள் பாக்கியவான்கள். ஆலைக்காரர் ஒரு சின்னத் தேநீர்க் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார். ஃபெர்ஜானி அதன் நிறத்தைப் பார்க்கவே மாட்டார். நிறத்தைப் பார்ப்பது முடிவெட்டும் லம்ஜெத்தின் வேலை. அவன் ஒவ்வொரு வருஷமும் கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கி, "பச்சைதான், நல்ல பச்சை" என்பான். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஃபெர்ஜானி கிளாஸின் அடியை ஒரு உள்ளங்கையில் வைத்து, கிளாஸின் வாயை மற்ற உள்ளங்கையால் மூடி, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல நிற்பார். எண்ணெய்க்கு உடம்புச் சூடு ஏறும்வரை அப்படியே. பிறகு கையைக் கொஞ்சம் நகர்த்தி மூக்கை உள்ளே விடுவார். பிறகு ஒரு மடக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை உள்ளே இழுப்பார். கொதிக்கிற கஞ்சியை அவசரமாகக் குடிப்பவனின் சத்தம் வரும். விழுங்குவார். காத்திருப்பார்.

காத்திருப்பதில்தான் விஷயம். எங்கள் பக்கத்து ஆலிவ், நல்ல எண்ணெயாக வந்திருந்தால், நாக்கில் சாது மாதிரி நடந்து போகும். விழுங்கி, ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது தொண்டையின் அடியில் யாரோ தீக்குச்சியை உரசுவார்கள். தெற்கே ஸ்ஃபாக்ஸிலிருந்து மருமகளாக வந்த பெண் ஒருத்தி முதல் நாள் சாலட் சாப்பிட்டுவிட்டு, முள் குத்திவிட்டது என்று டாக்டரிடம் போனாள். அவள் பழகிய தெற்கத்தி எண்ணெய் அவ்வளவு மென்மை.

தீக்குச்சி உரசியதும் ஃபெர்ஜானி இருமுவார். அந்த இருமல்தான் எங்களுக்குச் சட்டம். இருமலே இல்லையென்றால் அந்த எண்ணெய் கதவுக் கீலுக்கு. ஒன்று என்றால் பொரிக்க. இரண்டு என்றால் விருந்தாளிக்கு வைக்கலாம். மூன்று வந்துவிட்டால் பதினான்கு வீடும் கேன் மூடியைத் திருகத் தொடங்கும். மழை பொய்த்து, காயெல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிப்போன ஒரு வருஷத்தில் மட்டும் நாலு வந்தது. அந்த வருஷத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு 'நாலு இருமல் பிள்ளைகள்' என்று இன்றைக்கும் தனி மரியாதை.

இந்தச் சட்டத்தை அவர் இயற்றவில்லை என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அவர் இருமினார், அவ்வளவுதான். எண்ணியவர்கள் நாங்கள்.

போன நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை. மீட்டர்க் குழிகளெல்லாம் கிணறாகிவிட்டன. அரசாங்க வேலை மழைக்கு நிற்காது என்பதால் ஃபெர்ஜானி நாலு நாளும் தலைகீழாகக் குனிந்தார். ஐந்தாம் நாள் அவருடைய மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. ஆலைக்குப் போவதாக ஏற்பாடாகியிருந்த சனிக்கிழமைக் காலை, அவர் மனைவி மொன்ஜியா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் மனுஷா, இன்னைக்குப் போவாதே. செவ்வாக்கிழமைலேருந்து நாய் குரைக்கற மாதிரி இருமுறே."

"பதினாலு வீடு கேனோட நிக்குது."

"நிக்கட்டும். ரோஜா வாசமும் சாக்கடை வாசமும் உனக்கு இப்போ ஒண்ணுதான். மூக்கு அடைச்சிருக்குன்னு சொல்லிடு."

"சொல்றேன்."

"யாரு, நீயா? கல்யாணத்தன்னைக்கு 'சம்மதம்'னு சொல்றதுக்கே உங்க அண்ணன் முதுகுல குத்த வேண்டியிருந்துது."

சொல்லத்தான் போனார் என்பதற்கு மொன்ஜியாவே சாட்சி. அவரும் கூடவே வந்தார், கழுத்தில் சுற்றக் கம்பளித் துண்டோடு.

ஜல்லூலின் ஆலை எங்கள் பக்கத்திலேயே பெரியது. பளபளவென்று இயந்திரம், தரையில் ஓடு, சுவரில் கடிகாரம் இரண்டு. ஜல்லூல் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். கிளாஸை ஃபெர்ஜானியின் கையில் கொடுத்தான். பதினான்கு வீடும் அரைவட்டமாக நின்றது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ராதியா வழக்கம்போலச் சால்வைக்குள் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் எண்ணிக்கைப் பொறுப்பு அவருடையது.

ஃபெர்ஜானி வாயைத் திறந்தார். "எனக்கு..." என்றார்.

இருமல் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவதில் கேன் மூடிகள் திருகும் சத்தம் கேட்டது. நாலாவதில் அது நின்றது. ஐந்தாவதில் லம்ஜெத் தொப்பியைக் கழற்றினான். ஆறாவதில் டீச்சர் இரண்டாவது கையையும் வெளியே எடுத்தார். பத்துக்குமேல் விரல் இல்லாததால் பதினோராவது இருமலை அவர் எதில் எண்ணினார் என்று தெரியவில்லை. ஆனால் எண்ணினார்.



"பதினொண்ணு," என்றார் டீச்சர், மெல்ல.

"டீச்சரம்மா, ஒண்ணு கவனிச்சீங்களா," என்றான் லம்ஜெத். "அண்ணன் இன்னும் குடிக்கவே இல்ல."

எல்லோரும் கிளாஸைப் பார்த்தோம். நிறைந்திருந்தது. தூரத்தில் இருந்தபடியே பதினோரு இருமலை வரவழைக்கிற எண்ணெயின் முன்னால் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மனிதப் பிறவியில் இப்படி ஒரு காலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஜல்லூல்தான் முதலில் தெளிந்தான். "விலை இருபது தினார்னு சொன்னேனா? அது நேத்து எண்ணெய்க்கு," என்றான்.

"சளி," என்றார் ஃபெர்ஜானி. தொண்டை கட்டியிருந்தது. "எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருக்கு."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய மனுஷங்க இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க."

"நிஜமாதாங்க," என்று மொன்ஜியா முன்னால் வந்தார். "செவ்வாக்கிழமைலேருந்தே இருமறாரு. டீ குடிச்சா இருமறாரு, தண்ணி குடிச்சா இருமறாரு."

லம்ஜெத் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "அண்ணி, நீங்க கூடவே இருக்கறதால உங்களுக்குத் தெரியல. இப்படி ஒரு எண்ணெய் வரப்போவுதுன்னு அண்ணன் தொண்டைக்குச் செவ்வாக்கிழமையே தெரிஞ்சிருக்கு."

"உன் தலைக்குள்ள என்னடா இருக்கு, வெட்டின முடியா?"

பயன் இல்லை. பக்கத்துத் தெருவுக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். கை வண்டியில் கேன்கள் வரத் தொடங்கின. ஜல்லூல் கிளாஸ்களை வரிசையாக நிரப்பி எல்லோருக்கும் கொடுத்தான். நாங்கள் குடித்தோம். குடித்துவிட்டு, சொல்லவும் வேண்டுமா, இருமினோம். அவரவர் தகுதிக்கு ஏற்றபடி. டீச்சர் கைக்குட்டைக்குள் மூன்று. லம்ஜெத் ஒன்பது, மரியாதைக்காக இரண்டைக் குறைத்துக்கொண்டான். ஜல்லூலும், தன் சொந்த எண்ணெயை இருபது நாளாகக் குடித்துக்கொண்டிருப்பவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து இருமினான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற ஃபெர்ஜானியின் முகத்தை விவரிக்க எனக்குத் திறமை போதாது. எண்ணெய் கெட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் நிம்மதியாகச் சொல்லியிருப்பார். தெரியாது, அதுதான் கொடுமை. தங்கமாகவும் இருக்கலாம், விளக்குக்கு ஊற்றுவதாகவும் இருக்கலாம். அவர் மூக்கு சாத்திய கடை. தொண்டையோ ஏற்கெனவே புண். எதைக் குடித்தாலும் எரியும். இன்னும் கால் மணி நேரத்தில் பதினான்கு வீடு தன் பெயரைச் சொல்லி ஒரு வருஷத்துச் சாப்பாட்டை வாங்கப்போகிறது. தப்பாகப் போனால் அத்தனை தட்டிலும் அவருடைய இருமல் வருஷம் முழுக்க நாறும்.

அவர் கிளாஸை அப்படியே கீழே வைத்தார். ஆலையின் பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனார்.

"அண்ணே, அங்க ஒண்ணுமில்ல," என்று ஜல்லூல் பின்னாலேயே ஓடினான்.

அங்கே ஆலிவ் இருந்தது. சாக்கிலிருந்து கொட்டி, ஆள் உயரத்துக்குக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டிருந்தது. ஃபெர்ஜானி தார்ப்பாயின் ஓரத்தை விலக்கினார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். மீட்டர்க் குழிக்குள் விடுவதுபோலவே, தோள் மறையும்வரை கையைக் குவியலுக்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்.

நாங்கள் பின்னால் வந்து நின்றோம். குளிர்காலக் காலை, பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அவர் நோயாளியின் நாடி பார்ப்பதுபோல நெடுநேரம் நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் பார்க்காத ஒன்று நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அந்த மனிதருக்கு மூக்கும் தொண்டையும் போன பிறகும் இன்னொரு வழி மிச்சம் இருந்திருக்கிறது.

"டீச்சரம்மா," என்றார், கையை எடுக்காமலே. "வாங்க. நீங்களும் கையை விடுங்க."

டீச்சர் வளையலைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார். முழங்கை வரை போனதும் அவர் புருவம் உயர்ந்தது. "சூடா இருக்கே."

"இன்னும் உள்ள."

"ஜுரம் வந்த பிள்ளை நெத்தி மாதிரி இருக்கு."

லம்ஜெத் இரண்டு கையையும் ஒரேயடியாக விட்டான். "குளிருக்கு நல்லா இதமாத்தான் இருக்கு," என்றான்.

அப்போது ஃபெர்ஜானி பேசினார். அவர் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சு என்று மொன்ஜியா பிறகு உறுதி செய்தார். "டீச்சரம்மா, அடுப்புல ஏத்தாத பழம் எதுக்குச் சுடணும்? குப்பைமேடு சுடும், பாத்திருக்கீங்களா? அதே சூடுதான். பறிச்ச காய் மூச்சு விடும். குவிச்சு மூடி வச்சா அதோட மூச்சுலயே வெந்து அழுகும். இது ரெண்டு வாரக் காய். இதுலேருந்து எவன் புழிஞ்சாலும் நல்ல எண்ணெய் வராது. மெஷின் பளபளன்னு இருந்தாலும் வராது." பேசி முடித்ததும் ஆறு முறை இருமினார். டீச்சரின் விரல்கள் பழக்க தோஷத்தில் அசைந்தன. அவரே அவற்றை அடக்கிக்கொண்டார்.

"அது வேற காய், குடிச்ச எண்ணெய் வேற காய்," என்றான் ஜல்லூல்.

"இருக்கலாம்," என்றார் ஃபெர்ஜானி. "எனக்குத்தான் மூக்கு இல்லையே. அவங்களுக்கு இருக்கு. யாரும் இரும வேணாம். கிளாஸை மூடிச் சூடு பண்ணி மோந்து பாருங்க, என்ன வாசம்னு மட்டும் சொல்லுங்க."

போய் மோந்து பார்த்தோம். இந்த முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. டீச்சர்தான் முதலில் சொன்னார்: "லீவு முடிஞ்சு ஸ்கூல் அலமாரியைத் திறந்தா, போர்டு துடைச்ச ஈரத்துணி உள்ளயே கிடந்திருக்கும்ல. அந்த வாசம்."

"எனக்கு என் கடைத் துண்டு வாசம் வருது," என்றான் லம்ஜெத், குற்றவாளியைப்போல. "முதல் தடவையே வந்துது. பதினொண்ணு ஆச்சே, நம்ம மூக்குதான் சரியில்லைன்னு நினைச்சேன்."

எங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வந்திருந்தது. எல்லோரும் தங்கள் மூக்கைச் சந்தேகப்பட்டார்களே தவிர இருமலைச் சந்தேகப்படவில்லை.

ஜல்லூல் கையை விரித்தான். "இந்த வாசம்தான் எண்ணெய் வாசம்னு எங்கப்பா காலத்துலேருந்து ஆசையா வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. மூக்கில்லாதவன் பேச்சைக் கேட்டுக்கிட்டுப் போறீங்க, போங்க." அவன் சொன்னதும் பொய் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் எட்டுப் பேர் அங்கேயே நின்று வாங்கினார்கள். பதினோரு இருமலை யாராவது விடுவார்களா?

நாங்கள் மேட்டுச் சாலையில் இருக்கும் மன்னூபியாவின் ஆலைக்கு ஏறினோம். பதினான்கு வீடு, காலிக் கேன்கள், நடுவில் கம்பளித் துண்டு சுற்றிய ஃபெர்ஜானி. மன்னூபியா டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு செத்துட்டா?" என்றார் எங்களைப் பார்த்து.

"யாரும் சாவல, அக்கா. எண்ணெய் வாங்க வந்தோம்," என்றார் மொன்ஜியா.

"மூஞ்சிங்களைப் பாத்தா அப்படித் தெரியல."

அங்கே காய் குவிந்து கிடக்கவில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் நாலு விரல் உயரத்துக்கு மேல் எதிலும் இல்லை. பாதி பச்சை, பாதி ஊதா. ஃபெர்ஜானி ஒவ்வொரு பெட்டியிலும் கையை வைத்தார். கூழாங்கல்போலச் சில்லென்று இருந்தது என்று, பின்னாலேயே கையை வைத்துக்கொண்டு வந்த நாங்கள் சொல்ல முடியும்.

"எப்போ பறிச்சது?"

"காலைல. காம்புல இலை வாடியிருக்கான்னு பாரேன். பொழுது சாயறதுக்குள்ள மெஷினுக்குப் போயிடும்."

எண்ணெய் வந்தது. எல்லோரும் கிளாஸை ஃபெர்ஜானியிடம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"இந்த வருஷம் என் தொண்டை சாட்சி சொல்லாது," என்றார். "நீங்களேதான் பாக்கணும்."

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு சொந்தத் தொண்டையோடு தனியாக விடப்படுவது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். லம்ஜெத் வெயிலுக்கு நேரே தூக்கப்போனவன் கையை இறக்கிக்கொண்டு கண்ணை மூடினான். உள்ளங்கையில் கிளாஸ் மெல்லச் சூடேறியது. மூடியிருந்த கையை விலக்கியபோது, அப்போதுதான் அறுத்த புல், தக்காளிச் செடியின் தண்டைக் கிள்ளினால் விரலில் ஒட்டும் வாசம், உரித்த பச்சைப் பாதாம். ஒரு மடக்கு. கசந்தது, ஆனால் முகம் சுளிக்க வைக்கிற கசப்பில்லை. விழுங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அப்புறம் டீச்சர் ராதியாவின் கண்கள் விரிந்தன. கைக்குட்டையைத் தேட நேரமில்லை. முப்பது வருஷம் வகுப்பறைகளை அடக்கிய அந்தக் கண்ணியமான அம்மாள், கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம் போட்டார். கோபம் வந்தவரைப்போலக் கிளாஸைப் பார்த்தார். மறுபடி குடித்தார். சுற்றிலும் ஒவ்வொருவராக வெடித்தோம். யாரும் எண்ணவில்லை, எண்ணியிருக்க வேண்டியவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாங்கினோம். கேன்கள் வீட்டுக்கு வந்தன. ஆனால் ஒருவர் வீட்டிலும் நிம்மதி இல்லை. நாமே தேர்ந்தெடுத்தது எப்படி நன்றாக இருக்க முடியும்? எண்ணெய் ஊற்றிய ரொட்டியைப் பரீட்சை எழுதியவர்கள்போலத் தின்றோம். ஃபெர்ஜானியின் மூக்கு திறந்துவிட்டதா என்று மொன்ஜியாவைத் தினமும் கேட்டோம். "திறந்தா கொடி ஏத்தறேன்" என்றார் அவர். ஃபெர்ஜானியும் எங்களைவிட மோசமாகத்தான் இருந்தார். வாசம் தெரியாத வாயால் தெருவே தேர்ந்தெடுத்த எண்ணெயைத் தொடமாட்டேன் என்று மூன்று வாரம் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மீட்டர் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தார். டீச்சர் வீட்டு வாசலில் குழி மூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். உள்ளே டீச்சர் மண் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிய்த்து, அந்தச் சூட்டின் மேல் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். குழிக்குள்ளிருந்து ஃபெர்ஜானியின் தலை, வாசம் வந்த பக்கம் மூக்கை நீட்டியபடி, மெல்ல மேலே வந்தது. பென்சில் காதிலேயே இருந்தது. மீட்டர் எண்ணைக் குறிக்கவில்லை. அந்தத் தெருவில் யார் கூப்பிட்டாலும் வேலை நேரத்தில் வாசற்படி தாண்டாதவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டீச்சருக்குக் கேட்கப் பயம். தட்டை நகர்த்தி வைத்தார். ஃபெர்ஜானி ஒரு துண்டைத் தின்றார். விழுங்கினார். காத்திருந்தார். அவர் தொண்டையில் தீக்குச்சி உரசியது டீச்சருக்கே தெரிந்ததாம். டீச்சரின் விரல்கள் எண்ணத் தயாராவதற்குள் ஃபெர்ஜானி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க, அந்த இருமலை விழுங்கினார்.

"நல்லா இருக்கு டீச்சரம்மா," என்றார். "ரொம்ப நல்லா வாங்கியிருக்கீங்க."

பிறகு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.